எசமானன் பெயர் எங்கே?

மதுராந்தகம் ஏரியைக் காத்தவர் யார்?

இராமர் என்கிறது கோயில். ஏரி காத்த இராமர் என்றே அவருக்குப் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள், கும்பினி ஆட்சி, செங்கற்பட்டுச் சீமைக்கு லயனல் பிளேஸ் எனும் வெள்ளைத்துரை ஆட்சியர். மாரிக்காலம் வந்தால் ஏரிக்கரை உடைகிறது, துரை கவலைப்படுகிறார். இவ்வாண்டு கரை நின்றால் தாயாருக்குச் சந்நிதி கட்டித் தருகிறேன் என்று வாக்களிக்கிறார். அடைமழை, நள்ளிருள், கரைமேல் சென்று பார்க்கிறார் துரை — வில்லும் அம்பும் ஏந்திய வீரர் இருவர் காவல் நிற்கக் கண்டாராம்! கரை நின்றது; சந்நிதி எழுந்தது; துரையின் பெயர் கல்லில் ஏறியது. கதை இது. பக்தர்கள் உருகிச் சொல்வர். நாம் அதைக் குலைக்க வரவில்லை.

நாம் கேட்பது வேறு. ஏறத்தாழ 2,400 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரிக்குக் கரை கட்டியவர் யார்? உடைப்பெடுத்தபோது கூடை கூடையாக மண் சுமந்து கொட்டி, மிதித்து இறுக்கி, மேடாக்கியவர் யார்? வில்லேந்திய கை மண் சுமக்கவில்லை. பேனா பிடித்த துரையின் கையும் சுமக்கவில்லை. சுமந்த கை வேறு. அந்தக் கைக்குரியவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. சோழன் பெயர் ஊருக்கு, இராமர் பெயர் ஏரிக்கு, துரையின் பெயர் கல்லுக்கு — மண் சுமந்தவன் பெயர் மண்ணுக்கு!

அதே துரை இன்னொன்றும் செய்தார். மதுராந்தகத்துக்கு அணித்தே வேடந்தாங்கல். அங்கு வந்து தங்கும் நாரைகளையும் கொக்குகளையும் எவரும் சுட்டுக் கொல்லாதபடி காக்கும் உரிமை தமக்கு வேண்டுமென ஊரார் கேட்க, 1798-இல் எழுத்து மூலம் கவுல் ஒன்று வழங்கினார். நல்ல செயல். பாராட்டுகிறோம், ஊராரை இன்னும் மிகுதியாகப் பாராட்டுகிறோம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வட்டாரத்தில் பறவைக்குப் பட்டயம் கிடைத்துவிட்டது. மண்வெட்டி பிடித்தவனுக்கு இன்றளவும் கிடைக்கவில்லை.

மிகையாகச் சொல்கிறோம் என்று முகம் சுளிப்போர் ஒரு நாள் விடியுமுன் எழுந்து வரட்டும். திருச்சி நெடுஞ்சாலையில் மதுராந்தகத்திலிருந்து செங்கற்பட்டு, மறைமலைநகர், கூடுவாஞ்சேரி என்று சென்னை நோக்கிச் செல்லும் வழியெங்கும், சாலை முனைகளில், தேநீர்க் கடை ஓரங்களில் நிற்பவர்களைப் பார்க்கட்டும். தூக்குச் சட்டியில் பழைய சோறு. பையில் மாற்றுச் சேலை. சேலைமேல் போட்டுக்கொள்ள ஓர் ஆண் சட்டை. கொத்தனார், பெரியாள், சித்தாள். விலை பேசப்படுவது ஆள், பேசுபவன் மேஸ்திரி. வண்டியில் ஏற்றப்பட்டவருக்கு அன்று கூலி உண்டு. ஏற்றப்படாதவர் வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு, கூலியின்றி வீடு திரும்புவர்.

அந்தத் தாய்மாரில் ஒருவரைக் கேளுங்கள்: "அம்மா, நீங்கள் யாரிடம் வேலை செய்கிறீர்கள்?"

"மேஸ்திரியிடம்" என்பார்.

மேஸ்திரியைக் கேளுங்கள், தனக்கு மேலே ஓர் உள் ஒப்பந்தக்காரர் இருக்கிறார் என்பார். அவரைக் கேட்டால், நான் கூலிக்குக் கட்டுபவன், ஒப்பந்தம் எடுத்தவர் வேறு என்பார். ஒப்பந்தக்காரரோ, கட்டடம் கம்பெனியுடையது என்பார். கம்பெனியின் குளிரூட்டிய அறைக்குள் சென்று கேட்டாலோ, அந்த அம்மையாரை எங்களுக்குத் தெரியாதே என்ற விடை கிடைக்கும். பொய்யும் அன்று அது! உண்மையிலேயே தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனை படிகள் கட்டினார்கள்! கூலி மேலிருந்து கீழே இறங்குகையில் ஒவ்வொரு படியிலும் தேய்கிறது. பொறுப்பு கீழிருந்து மேலே ஏறுகையில் ஒவ்வொரு படியிலும் கரைகிறது. மாடியிலிருந்து சாரம் சரிந்து ஒருவர் விழுந்தால், அன்றைக்குத்தான் தெரியும் அவருக்கு எசமானனே இல்லை என்பது.

இந்நிலைக்கு ஏட்டில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் — 'அமைப்புசாராத் தொழிலாளர்'. சொல்லின் அழகைப் பாருங்கள்! அமைப்பைச் சாராதவராம் இவர்! ஏதோ இவரே முறுக்கிக்கொண்டு, "உங்கள் அமைப்பு எனக்கு வேண்டாம்" என்று ஒதுங்கி நின்றது போல! கட்டடத்தை எழுப்புபவர், மூட்டை இறக்குபவர், கரும்பு வெட்டுபவர், வீடு கூட்டுபவர், வாழைக்காயும் மீனும் தலையில் சுமந்து விற்பவர் — இவர்கள்மேல் சாய்ந்தல்லவா நிற்கிறது உங்கள் அமைப்பு! யார் யாரைச் சார்ந்திருக்கிறார்? படாளத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை எழுந்தது. ஆலைக்குக் கணக்கு உண்டு, கரும்பு விளைவித்தவருக்குப் பதிவு உண்டு. அரிவாளெடுத்து வெட்டியவர்? மேஸ்திரியின் கூட்டத்தில் ஓர் உருப்படி.

'முறைசாரா' என்ற சொல்லைப் பொருளியல் உலகில் நடமாடவிட்டவர் கீத் ஹார்ட் எனும் ஆங்கிலேய மானிடவியலார். ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகர் ஆக்ராவில், வடபுலத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகளிடையே தங்கி ஆராய்ந்து, 1970-களின் தொடக்கத்தில் எழுதினார். அவர் சொன்னது என்ன? இவர்கள் வேலையற்றவர்கள் அல்லர். ஓயாமல் வேலை செய்கின்றனர். அரசின் கணக்கில்தான் அவ்வேலை ஏறவில்லை என்றார். 1972-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கென்யாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கை அச்சொல்லை உலகெங்கும் கொண்டு சென்றது. அதாவது, குறை கணக்கெழுதுபவனிடம் என்பதைச் சொல்லப் பிறந்த சொல்! நம் நாட்டுக்கு வந்து சேர்ந்ததும், குறை உழைப்பவனுடையது என்று பொருள் மாறிவிட்டது.

எத்தனை பேர் இவர்கள்? சில இலட்சமா? அர்ஜுன் சென்குப்தா தலைமையில் இந்திய அரசு அமைத்த ஆணையம் எண்ணிப் பார்த்துச் சொன்னது: 2004–05-இல் இந்நாட்டில் உழைப்பவர் ஏறத்தாழ 45 கோடியே 70 இலட்சம் பேர், அவர்களில் 92 விழுக்காட்டினர் முறைசாரா உழைப்பாளர். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு! எட்டுப் பேரை 'அமைப்பு' என்றும் தொண்ணூற்றிரண்டு பேரை அதற்கு 'வெளியே' என்றும் எழுதும் துணிவு ஆட்சிக் கணக்கர்களுக்கு மட்டுமே வரும். உலகக் கணக்கும் உண்டு: 2018-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, உலகில் உழைப்போரில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல், ஏறத்தாழ 200 கோடி மாந்தர், இவ்வாறே பிழைக்கின்றனர் என்றது.

'பொறுங்கள், வளர்ச்சி வரட்டும், தொழிற்சாலைகள் பெருகட்டும், இவர்களெல்லாம் தாமே நிலையான வேலைக்குள் ஈர்க்கப்படுவர்' என்று ஆறுதல் கூறும் அறிஞர்கள் உளர். 1954-இல் ஆர்தர் லூயிஸ் என்ற மேதை அவ்வாறு ஒரு கோட்பாடு வகுத்தார்; பின்னர் நோபல் பரிசும் பெற்றார். வயலில் மிகுந்து நிற்கும் கைகளை ஆலை இழுத்துக்கொள்ளும் என்பது அது. எழுபது ஆண்டுகள் கழிந்தன. செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆலைகள் வரவில்லையா? வந்தன. மறைமலைநகரில் கார் செய்தனர். மகிந்திரா உலக நகரம் என்று ஒன்று எழுந்தது. கடற்கரைச் சாலையும் பழைய மாமல்லபுரச் சாலையும் கண்ணாடி மாளிகைகளால் நிறைந்தன. கைகளை ஆலை இழுத்துக்கொண்டது மெய், ஆட்களை இழுத்துக்கொண்டதா? ஆலைக்குள்ளேயே ஒப்பந்தத் தொழிலாளர் என்ற வாயில்! மாத ஊதியம் வாங்குவோரிலேயே பாதிக்கு மேற்பட்டவருக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லை என்று ஒன்றிய அரசின் தொழிலாளர் ஆய்வே ஆண்டுதோறும் சொல்லி வந்திருக்கிறது. வெளியே இருந்த முறைசாராமை ஆலைக்குள்ளேயே குடியேறிவிட்டது. மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த மருமகன் வீட்டோடு தங்கிவிட்ட கதை!

இந்த மண்ணுக்கு இது புதிதா? புதிதன்று, அதுதான் வேதனை. 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி நீண்ட குறிப்பொன்று எழுதி அரசுக்கு அனுப்பினார். ஆண்டையின் நிலத்தில் படியாளாக உழைத்து, குடியிருக்கும் குச்சு வீட்டுக்கும் உரிமையின்றி, கடனுக்குக் கட்டுண்டு கிடந்தோர் நிலையை அது சொன்னது. நிலம் கொடுத்தாலன்றி இவர்கள் நிமிர முடியாது என்றது. 1892-இல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்ற பெயர் பிறந்தது. ஏட்டில் பெயர் ஏறியது. ஏறிய நிலம் பின்னர் யார் யார் கைக்கோ போயிற்று. அதை மீட்கக் கிளம்பிய போராட்டத்தின்போது 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் துப்பாக்கி வெடித்தது. இருவர் உயிர் போயிற்று. நிலத்தின்மீது பெயர் எழுதிக்கொள்ள இந்த மக்கள் கொடுத்த விலை அது. நிலமிழந்தவர் வழிவந்தோர்தாம் இன்று சாலை முனையில் கூலிக்கு நிற்போரில் கணிசமானவர் என்பதைச் சேரிகளின் பக்கம் ஒருமுறை நடந்தவரும் அறிவர். சாதி, வேலையைத் தேர்ந்தெடுக்கிறது. சந்தை அதற்குப் புதுப்பெயர் சூட்டுகிறது.

பெண்கள் நிலை இன்னும் கேடு. இருபது ஆண்டுகள் கலவை சுமந்தாலும் சித்தாள் சித்தாளே! கரணை பிடிக்க அவருக்கு எவரும் கற்றுத் தருவதில்லை. கொத்தனார் கூலி அவர் கைக்கு வருவதில்லை. இதே செங்கற்பட்டில்தானே, 1929 பிப்ரவரி 17, 18 நாட்களில், சௌந்தரபாண்டியனார் தலைமையில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று! பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதிப் பட்டத்தைத் துறப்போம் என்று அங்குதான் முழங்கினர். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும், எத்தொழிலையும் ஆணுக்குச் சமமாக மேற்கொள்ளும் உரிமை வேண்டும் என்று அங்குதான் தீர்மானித்தனர். எத்தொழிலையும்! கரணை பிடிக்கும் தொழில் அதில் அடங்காதா? சாதிப் பட்டம் போயிற்று; பெருமைப்படுகிறோம். பெயரே ஏட்டில் இல்லாதவருக்குப் பட்டம் இருந்தென்ன, போயென்ன!

"நம் ஆட்சிகள் ஒன்றும் செய்யவில்லையா?" என்று தோழர்கள் சினந்து கேட்பர். செய்தன. பிற மாநிலங்கள் பல கண் விழிக்குமுன் செய்தன. 1982-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றிற்று. 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. 1999 முதல் பிற தொழிலாளருக்கும் வாரியங்கள் அமைந்தன: தையற்காரர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர், ஆட்டோ ஓட்டுநர், வீட்டுப் பணியாளர், தெரு வணிகர் என ஒவ்வொருவருக்கும். 2023-இல், பை முதுகிலேற்றி வண்டியோட்டி வீடு வீடாகச் சோறு கொடுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வாரியம் அறிவித்தனர். பிள்ளையின் படிப்புக்கு உதவி, மகளின் மணத்துக்கு உதவி, பேறுகால உதவி, விபத்தில் இறந்தால் உதவி, அறுபது வயதில் ஓய்வூதியம். கைம்பெண்ணாய் நின்ற எத்தனையோ தாய்மாருக்கு அந்தத் தொகைதான் அடுத்த மாத அரிசி. இதனைச் சிறிதென்று நாம் சொல்ல மாட்டோம். சொல்பவரை விடவும் மாட்டோம்.

ஆயினும் அந்த உதவிப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். பிறப்பு இருக்கிறது, படிப்பு இருக்கிறது, மணம் இருக்கிறது, மரணம் இருக்கிறது. வேலை எங்கே? கூலி எங்கே? எத்தனை மணி நேரம், என்ன ஓய்வு, எவ்வளவு ஊதியம், தராவிட்டால் யாரைப் பிடிப்பது — அவை எங்கே? 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பிலேயே 'வேலைவாய்ப்பையும் பணி நிலைமைகளையும் ஒழுங்குபடுத்தல்' என்றிருக்கிறது. ஒழுங்குபடுத்தல் தலைப்போடு நின்றுவிட்டது. நலத்திட்டம் வந்து நடுவீட்டில் அமர்ந்துகொண்டது. ஏன்? ஒழுங்குபடுத்த வேண்டுமானால் எசமானனைத் தொட வேண்டும். நலத்திட்டத்துக்கு அவனைத் தொட வேண்டியதில்லை!

வாரியத்தில் சேரப் பணிச் சான்று வேண்டும். அந்த அம்மையார் கலவை சுமக்கிறார் என்று சான்று கொடுக்க வேண்டியவர் நியாயமாக யார்? வேலை கொடுத்தவர். கொடுப்பாரா? அவர்தான் இல்லவே இல்லையே! ஆகவே கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்தோ தொழிற்சங்கத்தின் கையெழுத்தோ இருந்தால் போதும் என்று நடைமுறை வளர்ந்தது. இரக்கத்தால் திறந்த வழி, குறை சொல்லவில்லை. ஆனால் விளைவைக் காணுங்கள்: உழைப்பவர் பெயர் உண்டு, தந்தை பெயர் உண்டு, வாரிசு பெயர் உண்டு, வங்கிக் கணக்கு எண் உண்டு, புகைப்படம் உண்டு, உழைப்பைப் பெற்றவன் பெயர் மட்டும் இல்லை. ஒன்றிய அரசும் 2021 ஆகஸ்டில் இ-ஷ்ரம் என்று ஒரு பதிவு தொடங்கி, 30 கோடிக்கும் மேற்பட்டோரைப் பதிந்துவிட்டோம் என்று மார்தட்டிற்று. முப்பது கோடி உழைப்பாளர் அட்டை! அத்தனை பேரையும் வேலை வாங்கியவர் எத்தனை பேர், யார் யார் என்ற அட்டை எங்கே?

ஏரிக்கரை கட்டிய காலத்தில் உழைப்பவன் பெயர் மறைந்தது. உழைக்கச் செய்தவன் பெயர் கல்லில் நின்றது. இன்று தலைகீழ். உழைப்பவன் பெயரை அட்டையில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, உழைக்கச் செய்தவன் பெயரை மறைத்துக்கொண்டார்கள். முன்னது ஆணவம், பின்னது சாமர்த்தியம். நமக்கு ஆணவத்தோடு போரிட்டுப் பழக்கம் உண்டு. சாமர்த்தியத்தோடு போரிட இன்னும் பழகவில்லை.

டில்லிக்காரர்கள் இந்தச் சாமர்த்தியத்துக்குச் சட்ட உருவமே கொடுத்தனர். 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் என்று முழக்கம்! கேட்க இனிக்கிறது. கடிதத்தைப் பற்றிய பிரிவு அமர்ந்திருக்கும் தொகுப்போ பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்துக்கே பொருந்துமாம். மேஸ்திரியின் கூட்டத்தில் எட்டுப் பேர். கடிதம் யார் தருவார்? 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், இருபது பேரை வைத்திருக்கும் ஒப்பந்தக்காரனைப் பிடித்தது. புதிய தொகுப்பு ஐம்பது பேர் இருந்தால்தான் பிடிக்கும். நாற்பத்தொன்பது பேரோடு நிறுத்திக்கொண்டு, மைத்துனன் பெயரில் இன்னொரு நாற்பத்தொன்பது! சிற்றூர்ப் பெண்கள் தம் பெயரை அரசின் வருகைப் பட்டியலில் முதன்முறையாகக் கண்டது 2005-இல் சட்டமான நூறு நாள் வேலைத் திட்டத்தில். எசமானன் அரசுதான் என்று அதில் ஐயமின்றி எழுதியிருந்தது. அச்சட்டத்தையும் 2025 டிசம்பரில் எடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தனர்.

சோறு சுமக்கும் இளைஞனை 'பார்ட்னர்' என்று அழைக்கின்றன கம்பெனிகள். பங்காளி! தமிழ்நாட்டில் பங்காளி என்றால் பாகம் பிரிக்கும்போது முன்வரிசையில் உட்காருபவன். இந்தப் பங்காளிக்கு எந்தச் சொத்தில் பாகம்? வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, கால் முறிந்தால் முறிந்த காலும் அவனுடையது! புதிய சட்டத்தில் ஒரு நன்மை மட்டும் உண்டு, மறைக்காமல் சொல்வோம். இத்தகைய கம்பெனிகள் தம் ஆண்டு வரவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை சமூகப் பாதுகாப்புக்குச் செலுத்த வேண்டும் என்று எழுதியிருக்கின்றனர். செலுத்த வேண்டியவர் யார் என்று அங்கே பெயர் சுட்டப்பட்டிருக்கிறது. அவ்வளவே நாம் கேட்பது! கைப்பேசியில் வேலை வாங்குபவனைச் சுட்ட முடிந்த விரல், கரணையும் கூடையும் கொடுத்து வேலை வாங்குபவனைச் சுட்டும்போது ஏன் மடங்குகிறது?

"பெயர் எழுதச் சொன்னால் முதலாளி ஓடிவிடுவார், இருக்கும் கூலியும் போய்விடும்" என்று அச்சுறுத்துவோருக்கு விடை, மேடைப் பேச்சில் அன்று, நடந்து முடிந்த செயலில் இருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களைவிட நிலையற்ற கூலிகள் உண்டா? கப்பல் வந்தால் சோறு, வராவிட்டால் பட்டினி. 1948-இல் சட்டம் இயற்றி, கூலிகளையும் பதிந்து, அவர்களை வேலை வாங்குவோரையும் பதிந்து, இடையில் வாரியம் வைத்தனர். சென்னைத் துறைமுகத்திலும் அவ்வாறு நடந்தது. கப்பல்கள் ஓடிவிட்டனவா? மராட்டியத்தில் சந்தை மூட்டை சுமக்கும் மாதாடித் தொழிலாளருக்கு, அண்ணாசாகேப் பாட்டீல் போன்றோர் போராடியதன் பயனாய், 1969-இல் ஒரு சட்டம் பிறந்தது. வணிகன் வாரியத்தில் பதிய வேண்டும். கூலியையும் அதன்மேல் ஒரு தீர்வையையும் வாரியத்தில் கட்ட வேண்டும். வாரியம் தொழிலாளிக்குக் கூலி தரும். சேமநிதியும் விடுப்பும் அதிலிருந்தே. அந்தச் சட்டத்திலும் ஓட்டை போட முயன்றோர் உண்டு. போலி மாதாடிகளும் உண்டு. ஆனால் பம்பாய்ச் சந்தை மூடப்படவில்லை. அங்கே வாரியத்தின் ஏட்டில் இரு பெயர்கள். நம் வாரியத்தின் ஏட்டில் ஒரே பெயர். வேறுபாடு அவ்வளவுதான்.

மராட்டியம் வரை போவானேன்? மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலிக்குப் போய்ப் பாருங்கள். இருளர் மக்கள், பாம்பு பிடிப்பதில் உலகில் இணையற்றோர். தோலுக்காகப் பாம்பு பிடித்து, வணிகர் வீசியதை வாங்கிப் பிழைத்தனர். 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, தோல் வணிகம் நின்றது, அடுப்பும் அணைந்தது. 1978-இல் அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். இந்நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்கு அந்த நஞ்சே பெரும் மூலம். அதே மக்கள், அதே திறன், அதே பாம்பு. மாறியது ஒன்றே: வாங்குபவன் இருட்டில் வந்து தோலை அள்ளிச் செல்ல முடியாது, தன் பெயர் சொல்லி, சங்கத்திடம் விலை கொடுத்துத்தான் நஞ்சு வாங்க முடியும். 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் எனும் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது. பிடித்த பாம்புக்குக்கூடப் பதிவு வைக்கிறார்கள் ஐயா, அந்தச் சங்கத்தில்! அதே இருளர் மக்களின் வேறு குடும்பங்கள், முன்பணம் வாங்கிய குற்றத்துக்காக, அரிசி ஆலையிலும் செங்கற்சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் கொத்தடிமைகளாய்க் கிடந்து மீட்கப்பட்டார்கள் என்ற செய்தி இந்த வடமாவட்டங்களிலிருந்து எத்தனை முறை வந்தது! கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு வயது 1976-இலிருந்து எண்ணுங்கள். இயற்கையிலேயே இவர்கள் 'அமைப்புசாராதவர்' என்றால், வடநெம்மேலியில் எப்படிச் சார்ந்தனர்?

இன்னும் சில கல் தொலைவில் மாமல்லபுரம். பல்லவன் பெயர் உலகறியும். அங்கே உளி பிடிப்போரின் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்லுக்கும் ஊருக்கும் சட்டப் பாதுகாப்பு வந்தது. மகிழ்ச்சி! கருங்கல்லை எந்திரத்தால் அறுக்கும்போது எழும் தூள் நுரையீரலில் படிந்தால் வருவது சிலிகோசிஸ், வந்தால் மீள்வதில்லை. பட்டறையில் நாட்கூலிக்குக் கல் அறுப்பவர் இருமத் தொடங்கினால், இது தொழிலால் வந்த நோய் என்று எழுத வேண்டும். எழுதினால் அடுத்த வரியில், எவருடைய தொழிலால் என்றும் எழுத வேண்டுமே! ஆகவே காச நோய் என்று சீட்டெழுதி அனுப்புவது எளிதாகிறது. சிலைக்குக் குறியீடு, செதுக்கியவருக்கு மாத்திரை.

நிலையான வேலையில் உள்ளோருக்கே ஏட்டில் பெயர் ஏற்றுவது எளிதல்ல என்பதையும் கண்டோம். பக்கத்து மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் சங்கத்தின் பெயர் பதிவேட்டில் ஏறியது 2025 சனவரியில். அவர்களுக்கு ஆலை வாயில் இருந்தது. வாயில் முன் அமர முடிந்தது. சித்தாள் எந்த வாயில் முன் அமர்வார்? அவருடைய வாயில் நாளுக்கு நாள் இடம் மாறுகிறதே! அவருக்கு வாயில் அமைத்துத் தர வேண்டியது சட்டம்தான். நம் வாக்கால் அமைந்த சட்டமன்றம்தான்.

புதிய வானம், புதிய பூமி எதுவும் நாம் கேட்கவில்லை. கையில் இருப்பதைக்கொண்டே செய்யக்கூடியதைக் கேட்கிறோம். ஒன்றியச் சட்டப்படி, கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று நல நிதிக்குத் தீர்வையாகக் கட்டியாக வேண்டும். கட்ட அனுமதி கேட்கும் கட்டத்திலேயே அதனை வாங்குகின்றனர். ஆகவே கட்டுபவர் பெயர், மனை எண், மாடி எத்தனை, செலவு எவ்வளவு என்பன முன்கூட்டியே ஓர் ஏட்டில் இருக்கின்றன. கட்டப்போகும் கொத்தனார், சித்தாள் பெயர்களோ வாரியத்தின் ஏட்டில் இருக்கின்றன. இரண்டும் அரசின் கையிலேயே! பணம் ஒன்றில் வாங்குகிறார்கள். உதவி இன்னொன்றில் கொடுக்கிறார்கள். இந்தக் கட்டடத்தில் இன்று இன்னார் வேலை செய்தார் என்ற ஒரு வரி மட்டும் இரண்டிலும் இல்லை. அந்த வரியை எழுதும் கடமை மேஸ்திரியுடையதன்று, அனுமதி வாங்கியவருடையது என்று ஆக்குங்கள். நாட்கூலியை வாரியத்தின் வழியே கொடுக்கச் செய்யுங்கள். எழுதாவிட்டால் கட்டட நிறைவுச் சான்று இல்லை என்று ஒரு விதி போடுங்கள். மின் இணைப்புக்கு அந்தச் சான்றைக் கேட்கும் இடங்களில் எத்தனை விரைவாகப் பெயர் எழுதுகிறார்கள் என்பதைப் பின்னர் பாருங்கள்!

1982-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்ட பிற தொழில்களுக்கு அடுத்துப் போகலாம். முதலில் செங்கற்பட்டு மாவட்டம். முதலில் கட்டடத் தொழில். அவ்விரண்டு ஏடுகளையும் அடுத்த மாரிக்காலத்துக்குள் ஒரே மேசைமேல் விரித்து வைக்கச் சொல்கிறோம், நலத்துறை அமைச்சரை.